ஒற்றைத் தாளின் பூர்வீகம்

இந்தோனேசியாவின் மேடானிலிருந்து தில்லி வந்திருந்த தமிழர் ஒருவரோடு கரோல் பாக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கிறுக்கு என்னைப் பிடித்தது. சுமத்ராவின் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர் அவர். லாட்ஜில் காட்டுவதற்காகக் கையோடு வைத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் போட்டார். பச்சை அட்டை, பொன்னிறத்தில் கருடன், அதன் கால்நகங்கள் பற்றியிருக்கும் பட்டை. “இதை முதமுதல்ல யாருக்குக் கொடுத்திருப்பாங்க சார்?” என்று போகிறபோக்கில் கேட்டார். அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

கருடனிடமிருந்தே தொடங்கினேன். அந்தச் சின்னத்தை இந்தோனேசியா ஏற்றுக்கொண்டது 1950 பிப்ரவரி 11 அன்று. விடுதலையை அறிவித்ததோ 1945 ஆகஸ்ட் 17. நடுவில் நாலரை ஆண்டுகள். அந்தக் காலத்தில் குடியரசின் ஆட்கள் எதைக் காட்டி வெளிநாடு போனார்கள்? நூல் பிடித்துக்கொண்டே போனதில் நான் வந்து நின்ற இடம் ஜகார்த்தா அல்ல. பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்துபோன தில்லியின் பழைய கோட்டை, புராணா கிலா.

1947 மார்ச் 23 முதல் ஏப்ரல் 2 வரை அங்கே ஆசிய உறவுகள் மாநாடு நடந்தது. சரோஜினி நாயுடு தலைமை. வந்திருந்த இந்தோனேசியர்களில் ஒருவர் ஹாஜி அகுஸ் சலிம். வெளியுறவுத் துணை அமைச்சர், பன்மொழி வித்தகர், அறுபதைத் தாண்டிய தாடிக்காரர். அவர் கையில் இருந்தது புத்தகமல்ல, ஒரே ஒரு தாள். அதில் அவர் புகைப்படம், கையெழுத்து. ‘பாஸ்போர்ட்டாகக் கருதப்படும் சான்று’ என்று தலைப்பு. இந்தோனேசியாவின் முதல் தூதரக பாஸ்போர்ட் என்று அவர்கள் வரலாற்றில் இன்று இடம்பிடித்திருப்பது அந்தத் தாள்தான்.

அதைக் கொடுத்த அரசின் நிலைமையைப் பாருங்கள். பழைய காலனியைத் திரும்பப் பிடிக்க வந்த டச்சுக்காரர்களால் ஜகார்த்தாவில் இருக்க முடியாமல் 1946 ஜனவரியிலேயே தலைநகரை யோக்யகர்த்தாவுக்கு மாற்றியிருந்தார்கள். தில்லியில் மாநாடு தொடங்கிய மூன்றாம் நாள், மார்ச் 25 அன்றுதான் லிங்கர்ஜாதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜாவா, மதுரா, சுமத்ரா மூன்றிலும் நடைமுறையில் ஆள்வது குடியரசு என்பதை மட்டும் டச்சு அரசு அதில் ஒப்புக்கொண்டது.

தாளை வாங்கிப் பார்த்த ஊரின் நிலைமை மட்டும் என்ன வாழ்ந்தது? இங்கே நடந்தது இடைக்கால அரசு. மவுண்ட்பேட்டன் வைஸ்ராயாகப் பதவியேற்றதே மாநாட்டின் இரண்டாம் நாள்தான். நம்மவர் வைத்திருந்த பாஸ்போர்ட்டின் அட்டையிலேயே ‘பிரிட்டிஷ் இந்தியன் பாஸ்போர்ட்’ என்று பொறித்திருந்தது. விடுதலை வாங்காத ஒரு நாடு, முழு அங்கீகாரம் கிடைக்காத இன்னொரு நாட்டின் காகிதத்தை மதித்திருக்கிறது. அந்த மரியாதைக்கு முன்கதையும் உண்டு. 1946-இல் இந்தியாவில் உணவுப் பஞ்சம் நெருங்கியபோது, இந்தோனேசியப் பிரதமர் சுதன் ஷாரீர் 5 லட்சம் டன் அரிசி தர முன்வந்தார்.

தில்லியோடு அந்தத் தாளின் பயணம் முடியவில்லை. அகுஸ் சலிமும் தோழர்களும் கெய்ரோவுக்குப் போனார்கள். 1947 ஜூன் 10 அன்று எகிப்தோடு நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை ஊருக்குக் கொண்டுபோகும் பொறுப்பு தோழர்களில் ஒருவரான ஏ.ஆர். பாஸ்வேதானுக்கு. ஜகார்த்தா விமான நிலையத்தில் டச்சுக்காரர்களின் சோதனைக்குத் தப்ப, ஒப்பந்தத்தைக் காலுறைக்குள் ஒளித்து எடுத்துப் போனார்.

சரி, வெளியார் ஒருவர் மதித்துவிட்டால் தாள் பாஸ்போர்ட் ஆகிவிடும் என்று முடிவுகட்டி எழுந்திருப்பேன். பாரகம்பா சாலை சப்ரு ஹவுஸ் நூலகம் அதற்கு விடவில்லை. மாநாட்டை நடத்திய இந்திய உலக விவகாரக் கவுன்சிலின் இடம் அது. மாநாட்டைப் பற்றிய பழைய எழுத்துக்களைப் புரட்டியபோது திபெத் வந்து குறுக்கே நின்றது.

திபெத்தும் அந்த மாநாட்டுக்குத் தனிக்குழு அனுப்பியிருந்தது. அங்கே மாட்டியிருந்த ஆசிய வரைபடம் திபெத்தைத் தனி நாடாகக் காட்டியது. சீனக் குழு ஆட்சேபிக்கவே, வரைபடத்தைத் திருத்தினார்கள். அதே 1947-இல் லாசா அரசு தன் நிதித்துறை அதிகாரி ஷகப்பாவுக்கு ஒரு பாஸ்போர்ட் கொடுத்து வணிகக் குழுவோடு உலகம் சுற்ற அனுப்பியது. அதில் இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளின் முத்திரைகள் விழுந்தன. அந்த பாஸ்போர்ட் பிறகு கைமாறிக் காணாமல் போய், வெகுகாலம் கழித்து நேபாளத்தில் அகப்பட்டது. முத்திரைக் கணக்கில் பார்த்தால் அகுஸ் சலிமின் தாளைவிட அதுதான் கனமானது. ஆனால் அதற்கு வாரிசு இல்லை. முத்திரை குத்தியவர்கள் யாரும் திபெத்துக்கு ஆபத்து வந்தபோது அந்த முத்திரைக்காகப் பேசவில்லை.

இந்தோனேசியாவுக்கு அப்படி ஒரு நாள் வந்தபோது தில்லி பேசியது. 1948 டிசம்பர் 19 அன்று டச்சுப் படை யோக்யகர்த்தாவைப் பிடித்தது. குடியரசின் தலைவர்கள் சுகர்ணோவும் ஹத்தாவும் சிறைப்படும் முன் இரண்டு தந்திகள் தயாராயின. ஒன்று, சுமத்ராவில் இருந்த அமைச்சர் ஷாஃப்ருதீனுக்கு: அங்கே அவசர அரசு அமையுங்கள். மற்றது, புது தில்லியில் இருந்த அவர்கள் நிதியமைச்சர் மராமிஸுக்கு: சுமத்ராவில் முடியாவிட்டால் நீங்கள் இந்தியாவிலேயே அரசு அமையுங்கள். சுமத்ராவில் அரசு அமைந்துவிட்டதால் இரண்டாவதற்குத் தேவை வரவில்லை. இந்தியா, டச்சு கே.எல்.எம். விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. 1949 ஜனவரி 20 அன்று இந்தோனேசியாவுக்காகவே தில்லியில் ஒரு மாநாட்டைக் கூட்டினார் நேரு. அடுத்த வாரமே ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று டச்சுக்காரர் இறையாண்மையை ஒப்படைத்தார்கள்.

தேடலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அடுத்த தேதி: 1950 ஜனவரி 26. அன்று தில்லி இர்வின் ஸ்டேடியத்தில் நம் முதல் குடியரசு தின அணிவகுப்பு. தலைமை விருந்தினர் சுகர்ணோ. அதே நாளில் அவர் நாட்டில் குடிவரவுத் துறை டச்சுக்காரர் கையிலிருந்து இந்தோனேசியர் கைக்கு வந்தது. இன்றும் ஜனவரி 26 அங்கே குடிவரவுத் துறையின் நாள். பதினாறு நாள் கழித்துக் கருடன் வந்தது.

அப்போதும் கதை தீரவில்லை. 2022-இல் ஜெர்மனி, புதிதாக அச்சான இந்தோனேசிய பாஸ்போர்ட்டுகளை ஏற்க மறுத்தது. காரணம், அவற்றில் உரியவர் கையெழுத்துப் போட இடமில்லை. கருடன் இருந்தது, சிப் இருந்தது, நாட்டுக்கு எழுபத்தைந்தைத் தாண்டிய வயதும் இருந்தது, செல்லாது என்றார்கள். குடிவரவு அலுவலகங்கள் உள்பக்கத்தில் கையெழுத்து வாங்கிச் சான்று இட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அகுஸ் சலிமின் தாளில் கருடன் இல்லை, கையெழுத்து இருந்தது, அது செல்லுபடியானது. பாஸ்போர்ட்டை எந்த அரசும் அச்சடிக்கலாம். அதன் மதிப்பு அடுத்த நாட்டுக் கவுண்டரில் முடிவாகிறது. அந்த மதிப்பு நிலைக்குமா என்பது, அடிவிழும் நாளில் கூட நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது.