சந்துக் கதவு

என் மாடி ஜன்னலுக்குக் கீழே ஒரு சந்து. ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சந்துக்கு அந்தப் பக்கம் காலடிப்பேட்டையின் பழைய நீள வீடுகளில் ஒன்று. அதன் பின்பக்கம்தான் எனக்குத் தெரியும்: ஆஸ்பெஸ்டாஸ் போட்ட குளியலறை, சிமெண்ட் தொட்டி, துவைக்கிற கல், சந்தில் திறக்கும் தகரக் கதவு.

அந்தக் கதவு வீட்டுக்காரருக்காக வைத்தது. டயர் கம்பெனியில் வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் கரி. தெருவாசலை மிதிக்க மாட்டார். சந்தோடு வந்து தகரத்தில் இரண்டு தட்டு. “வந்துட்டேன்” என்று உள்ளே குரல், தாழ்ப்பாள் சத்தம், தண்ணீர் மொள்ளும் சத்தம். அரை மணி கழித்து வெள்ளை வேட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

மே மாதம் அந்த வீட்டுப் பாட்டியம்மாவின் மகன் வந்து இறங்கினான். பழைய மகாபலிபுரம் சாலையில் பிளாட், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், வீட்டை விற்க வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டு, காலடிப்பேட்டைக்கும் ஒரு ஸ்டேஷன் வந்ததிலிருந்து புரோக்கர்கள் இந்தப் பக்கம் அடிக்கடி தென்படுகிறார்கள். அவர்களில் ஒருவர் சந்தில் நின்று சொன்னார்: “கைடுலைன் வேல்யூ தெருவுக்குத் தம்பி. அதுக்கு மேல நாம கேக்கறது பாத்ரூமுக்கு. வாங்க வர்றவங்க முதல்ல அதைத்தான் திறந்து பாப்பாங்க.”

மறுநாளே கூரை இறங்கியது. கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு பிளம்பர். தொட்டியை உடைக்க ஒரு பகல் ஆயிற்று. துவைக்கிற கல் உடையவில்லை; நாலு பேர் புரட்டிப் புரட்டிச் சந்தின் ஓரத்தில் சாய்த்தார்கள். பக்கத்து அறையின் தளத்தைக் கொத்தனார் சுத்தியால் தட்டினார். ஓர் இடத்தில் சத்தம் பொள்ளலாக வந்தது. கொத்தியதும் காரை பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி ஊதியிருந்தது.

“கடக்காத்து” என்றார் கொத்தனார். “துரு ஊதுனா காரையைத் தள்ளிடும்.”

“பிவிசி சீலிங் போட்டு மூடிடலாமே? வாங்க வர்றவங்களுக்குத் தெரியவா போகுது?”

கொத்தனார் பதில் சொல்லவில்லை. சித்தாளிடம் கம்பி பிரஷ் கேட்டு வாங்கித் தேய்க்க ஆரம்பித்தார். அன்று மாலை வரை தேய்த்தார்.

தரைக்கு வழுக்காத டைல்ஸ், சுவருக்குப் பளிங்கு மாதிரி டைல்ஸ். ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம் வைத்தார். வாட்டம் பார்க்க ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து கவனித்தார். பாட்டியம்மாவும் பக்கத்தில் குந்தினாள்.

“இங்க ஒரு கைப்பிடி வெச்சா, எழுந்துக்கத் தோதா இருக்கும்.”

“வாங்க வர்றவங்களுக்கு எதுக்கும்மா அது?” என்றான் மகன்.

ஜூன் முதல் வாரம் மழை ஷவர் மாட்டினார்கள். மொட்டைமாடித் தொட்டி ஷவருக்கு ஆறடி உயரத்தில் இருக்கிறது. திறந்தால் மழை வரவில்லை, ஒழுகல்தான் வந்தது. அதற்கு ஒரு பிரஷர் பம்பு. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 முதல் இருக்கிறது. நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொள்ளளவு. ஆனாலும் பாட்டியம்மாவின் காலை, வாசல் அடிபம்பில்தான் விடிகிறது. போர்த் தண்ணீர் உப்பு. புதுக் குழாய்களில் ஒரே வாரத்தில் வெள்ளைப் பொரி கட்டியது. எலுமிச்சை மூடியால் தேய்த்துத் தேய்த்து அவளேதான் எடுத்தாள்.

கடைசி வேலை கதவு. பாத்ரூம் இனி படுக்கையறையோடு அட்டாச்டு. தகரக் கதவைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, வழியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சந்துப் பக்கம் பூசிய இடம் மட்டும் சாம்பல் நிறத்தில், கதவின் உயர அகலத்தில் தனியாகத் தெரிந்தது.

இரண்டு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்றாவதாக ஓர் அம்மாள், கூட மருமகன். காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவர். ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கிடையாது. அதனால் வீடு பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. புரோக்கர் ஷவரைத் திறந்து காட்டும் சத்தம் கேட்டது. பம்பு உறுமியது.

“எல்லாம் நல்லாத்தான் கீது. பின்னாண்ட வழி இன்னாத்துக்கு இல்ல?”

“எதுக்குக்கா பின்வழி?”

“மார்க்கெட்டு முடிச்சு வந்தா மேலெல்லாம் கவிச்சி. அப்படியே நடு வூட்டுல பூந்து, படுக்கிற ரூம தாண்டியா போய்க் குளிக்கிறது?”

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள் தெருவைச் சுற்றிக்கொண்டு தனியாகச் சந்துக்குள் வந்தார். சாய்ந்து கிடந்த துவைக்கிற கல்லைக் காலால் அசைத்துப் பார்த்தார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே வந்து சாம்பல் நிறப் பூச்சின் முன் நின்றார். மேலும் கீழும் பார்த்தார். பூச்சு எவ்வளவு கெட்டி என்று பார்க்கிற மாதிரி, மடக்கிய விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

வென்டிலேட்டர் வழியே பாட்டியம்மாவின் குரல் வந்தது:

“வந்துட்டேன்.”