வாங்க மட்டும் தெரிந்தவன்

டெக்சாஸில் குடியேறிய என்னைப் போன்றவர்கள் துப்பாக்கி வாங்கினால் பயத்தைக் காரணம் சொல்வோம். நானும் அதைத்தான் சொன்னேன். அடுத்த தெருவில் ஆளில்லாத வீட்டில் திருடு போயிருந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்று மனைவியிடம் வாதாடினேன். பாதி பொய். அந்தப் பொருள்மேல் எனக்கு ஆசை. ஊரில் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாலும் லைசென்ஸ் கிடைப்பது சந்தேகம். இங்கே கிரீன் கார்டைக் காட்டி, படிவம் 4473-ஐ நிரப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனையை முடித்து, அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்.

வாங்கியது மாஸ்பெர்க் 500. பம்பைப் பின்னால் இழுத்து முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் 12 காஜ் ஷாட்கன். காஜ் என்றால் என்ன என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வேன்: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவுதான் குழலின் அகலம். குழலை அனுமதி வாங்காமல் 18 அங்குலத்துக்குக் கீழே அறுத்தால் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். விருந்துக்கு வந்தவர்களிடம் இதையெல்லாம் அளந்துவிட்டுக்கொண்டிருந்தேன். சுடத் தெரியாது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

வாங்கிய புதிதில் ஒரு நண்பரின் பண்ணையில் ஒரு பெட்டித் தோட்டாவைத் தீர்த்தோம். தோள் கன்றிப்போனது. பழகினால் வலி குறையும் என்று தோன்றவில்லை, தோளில் பதியும் கட்டையை மாற்றினால் குறையும் என்று தோன்றியது. அதிலிருந்துதான் பிடித்தது பைத்தியம். மரக்கட்டையைக் கழற்றிவிட்டு, கைத்துப்பாக்கிபோலப் பிடி வைத்த கறுப்புக் கட்டையை மாட்டினேன். முன்பிடிக்குள்ளேயே விளக்கு பதித்த ஒன்று வந்தது. பக்கவாட்டில் ஆறு தோட்டா செருகிவைக்கும் பட்டையை நானே திருகி முடுக்கினேன். துப்பாக்கியின் விலையை உதிரிபாகங்களின் விலை தாண்டியது. மனைவியிடம் பாதித் தொகையைத்தான் சொன்னேன். ஆயுத பூஜைக்கு அதை வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். சுடுதளத்துக்கு எடுத்துப் போகவில்லை.

"எனக்கும் ஒரு தடவை காட்டிக் குடுங்க" என்று அவள் கேட்டாள்.

"நான் இருக்கேன்ல, உனக்கு எதுக்கு?"

மாதத்தில் பாதி நாள் வேலை நிமித்தம் வெளியூரில் இருப்பவன் சொன்ன பதில் இது. இந்த வாக்குமூலத்தில் எனக்கு ஆகக் கூச்சம் தருவது இந்த ஒரு வரிதான்.

அவளே ஒரு பயிற்சி வகுப்பைக் கண்டுபிடித்து இரண்டு பேருக்கும் பணம் கட்டினாள். போலீசில் இருந்து ஓய்வு பெற்ற அம்மாள்தான் ஆசிரியை. என் துப்பாக்கியை வாங்கி, காலி என்று உறுதி செய்துகொண்டு பம்பை இழுத்துப் பார்த்தார். இறுகி நின்றது. பக்கப் பட்டையின் திருகுகளை நான் அளவுக்கு மீறி முடுக்கியதில் உள்ளே ஓட வேண்டியது ஓடவில்லை. அவற்றைத் தளர்த்திக் கொடுத்துவிட்டு, சேஃப்டியைத் தள்ளிச் சுடச் சொன்னார். மாஸ்பெர்க்கில் சேஃப்டி மேல்முதுகில், கட்டைவிரல் இயல்பாக விழும் இடத்தில் இருக்கும். நான் மாட்டிய புதுப்பிடியைப் பிடித்தால் கட்டைவிரல் அங்கே எட்டாது, பிடியை விட வேண்டும். காசு கொடுத்து நானே அந்த வசதியைக் கெடுத்திருந்தேன். இரண்டாவது வெடிக்குப் பதற்றத்தில் பம்பை முழுக்க இழுக்காமல் முன்னே தள்ளினேன். காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. அந்தப் பட்டையை மாட்டும் முன்பு, வீட்டில் ஆளில்லாத நேரம் கண்ணாடி முன் நின்று 'சர்ரக்' என்று எத்தனையோ தடவை இழுத்தவன் நான்!

என் மனைவிக்கு அந்தக் கட்டை நீளம். தோளில் வைத்தால் முன்பிடிக்குக் கை நீட்டவே சிரமப்பட்டாள். ஆசிரியை தம்முடைய குட்டைக் கட்டைத் துப்பாக்கியைக் கொடுத்து, முன்கையால் முன்னே தள்ளிக்கொண்டே பின்கையால் தோளுக்குள் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அப்படிப் பிடித்தால் உதை குறைவாகத் தெரியும். அவள் நிதானமாகச் சுட்டாள், நடுவில் பட்டது.

எனக்கு வேறொரு பாடம் காத்திருந்தது. ஷாட்கன் என்றால் குறியே வேண்டாம், ரவை விசிறிபோல விரிந்து எதிரே இருப்பதையெல்லாம் அள்ளிவிடும் என்று நம்பியிருந்தேன். எங்கள் ஹால் அளவு தூரத்தில் காகிதம் தொங்கியது. டபுள் ஆட் (00) எனும் பருரவைத் தோட்டாவின் ஒன்பது ரவையும் விரித்த என் கைக்குள் அடங்கின. ஆனால் நான் குறிவைத்த இடத்தில் இல்லை, கீழே, இடப்பக்கம் தள்ளி. வெடிக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே குலுங்கியதுதான் காரணம்.

அப்புறம் அந்த அம்மாள் வீட்டுப் படத்தை வரையச் சொன்னார். நான் எங்கே நிற்பேன், வாசல் எங்கே, அதற்குப் பின்னால் என்ன? நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை இங்கே. மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவே வெற்றிடம். டபுள் ஆட் ரவை அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துப் போகும். நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த மூலையிலிருந்து வாசலுக்குக் கோடு இழுத்தேன். அது கொஞ்சம் விலகினாலும் வாசலோரச் சுவர் வழியாக மகளின் அறைக்குள் போகும். என் கைக்குறி தவறும் அதே இடப்பக்கம்! இத்தனை நாளில் அந்தக் கோட்டை ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. எந்த உதிரிபாகம் எந்தக் கடையில் மலிவு என்று மட்டும் இரவு முழுக்கத் தேடியிருக்கிறேன்.

கறுப்புப் பிடி போய்விட்டது. மனைவிக்கு ஏற்ற குட்டைக் கட்டை இப்போது இருக்கிறது. விளக்கை மட்டும் வைத்துக்கொண்டேன், இருட்டில் யார் என்று பார்க்காமல் சுடக் கூடாது என்பதால். துப்பாக்கி இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கிறது. சத்தம் கேட்டால் மகளை எங்கள் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, 911-ஐ அழைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். இன்றும் எங்கள் வீட்டில் நன்றாகச் சுடுபவள் என் மனைவிதான்.

பாக்கி ஒன்று இருக்கிறது. என் சவடாலைக் கேட்டு இரண்டு மூன்று நண்பர்கள் இதே துப்பாக்கியை வாங்கினார்கள், இதே பிடியை மாட்டினார்கள். அவர்களிடம் நேரில் சொல்ல எனக்கு நா எழவில்லை. படிக்கிறீர்கள் என்றால், பிடியைக் கழற்றுங்கள், வீட்டுப் படத்தை வரையுங்கள், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு வகுப்புக்குப் போங்கள். கட்டணம் என்னுடையது.