அறுபது ஜிஎஸ்எம்

திருப்பூரில் ஜிஎஸ்எம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டீக்கடையில் பக்கத்தில் நிற்கிற கட்டிங் மாஸ்டர் நம் சட்டை நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்துவிட்டு, “நூத்தி எம்பது இருக்குங்க” என்பார். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. என் மனைவியின் அண்ணன் முப்பது வருஷமாக அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவர் மேஜையில் வட்டமான ஒரு கட்டர் உண்டு. துணிமேல் வைத்து அமுக்கித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் கழன்று வரும். அதைச் சின்னத் தராசில் வைத்து, வந்த எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். இமயமலைக்குப் போட்டுக்கொண்டு போக ஜாக்கெட் பார்த்து வாங்கும் வித்தையை நான் கற்றது அந்த மேஜையில்தான். அதற்கு முன் ஒரு ராத்திரி நனைந்து நடுங்க வேண்டியிருந்தது.

ஹம்ப்டா கணவாய் இமாசலப் பிரதேசத்தில், பீர் பஞ்சால் தொடரில், ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் குலு, அந்தப் பக்கம் லாஹௌல். பருவமழை வந்து இந்தச் சுவரில் முட்டி, இருக்கிற தண்ணீரையெல்லாம் குலு பக்கமே கொட்டிவிட்டு, மறுபக்கம் வெறுங்கையோடு போகும். கோவைக்காரனுக்கு இது புதிதில்லை. வால்பாறையில் ஜூலையில் கொட்டித் தீர்க்கிற மேகம், பல்லடம் வரும்போது காற்றாடியைச் சுற்றிவிடுவதோடு சரி. வித்தியாசம், அங்கே இந்த இரண்டையும் ஒரே நடையில் நான்கைந்து நாளில் கடக்க வேண்டும். இரண்டு நாள் சேறு, மூன்றாம் நாள் பனி, அன்று மாலையே புழுதி.

முதல் தடவை நான் போனது ஒரு ஜூலையில். போகும் முன் கணக்குப் போட்டேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கோவையிலிருந்து கணவாய் உச்சி வரை பார்த்தால் 25 டிகிரி. அதனால் குளிர்தான் எதிரி என்று முடிவு கட்டி, வெளிநாடு போய் வந்த நண்பனிடம் இரவல் கேட்டேன். அவன் ஒரு வாத்துத் தூவி ஜாக்கெட் கொடுத்தான். கையில் வாங்கினால் எடையே தெரியவில்லை. அமுக்கினால் தேங்காய் அளவுக்குச் சுருங்கி, விட்டால் பூரி மாதிரி உப்பியது.

இறகு வேறு, தூவி வேறு. நடுவில் காம்பில்லாமல், பறவையின் நெஞ்சோரம் இறகுக்கு அடியில் இருக்கிற மிருதுவான பூம்பஞ்சுதான் தூவி. அது நேராகச் சூடு எதையும் தருவதில்லை. தன் இழைகளுக்குள் காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. நம் உடம்புச் சூடு நம்மிடமே நிற்கும். 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியல்காரர் பலூன் துணியில் தூவி அடைத்துத் தைத்த கோட்டு ஒன்றைக் கொண்டுபோனார். கம்பளியும் பருத்தியும் அடுக்கிப் போட்டிருந்த சக ஆட்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். மேலே போனபோது குளிராமல் இருந்தவர் அவர்தான். அதே ஃபின்ச் பிற்காலத்தில், 1952 முதல் 1957 வரை, புனேயில் நம் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக இருந்தார் என்பது எனக்குப் பிடித்த உபரித் தகவல். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் தூவியை அடிக்கிற பஞ்சு இன்றுவரை வரவில்லை. ஆனால் எவரெஸ்டின் உயரத்தில் மழை பெய்யாது.

பாலு கா கேராவில் பெய்யும்.

இரண்டாம் நாள் சிக்கா முகாமிலிருந்து அந்த முகாமுக்குப் போகும் வழியில் ஓர் ஓடையை இறங்கிக் கடக்க வேண்டும். பனி உருகி வரும் தண்ணீர், முழங்கால் வரைதான். கரையேறிய பிறகு கால் நம்முடையது என்று நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்தக் குளிருக்குப் பயந்து ஜாக்கெட்டை எடுத்து மாட்டி, மேலே ரெயின்கோட்டும் போட்டு, அப்படியே மேடேறினேன். அரை மணி நேரத்தில் உள்ளே வேர்வை, வெளியே மழை, நடுவில் வாத்து. கூடாரத்துக்குள் போய்க் கழற்றிப் பார்த்தால், தைத்த அறைகளின் மூலைகளில் தூவி நனைந்த கோழிக்குஞ்சாகச் சுருண்டு கிடந்தது. மற்ற இடமெல்லாம் இரண்டு அடுக்கு நைலான் மட்டுமே. அன்று ராத்திரி 4 டிகிரி. கையிலிருந்த துணியையெல்லாம் போட்டுக்கொண்டும் பல் தந்தியடித்தது. நனைந்த மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி எடுக்கலாம். அந்த வெயில் கணவாய்க்கு அப்பால் இருந்தது.

தூக்கம் வராத அந்த நேரத்தில் நெடுநல்வாடை ஞாபகம் வந்தது. வாடைக் காலத்து மழைக்குளிரைப் பற்றிய பாட்டு. அதில் அரண்மனைக் கட்டிலில் அன்னத் தூவி பரப்பியிருக்கும், அது அரசிக்கு. அரசனோ போர்ப் பாசறையில், நள்ளிரவில், தூறலில், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பான். தூவி கட்டிலுக்குரியது என்று புலவருக்குத் தெரிந்திருக்கிறது. பாசறைக்கு அதை எடுத்துப் போன முட்டாள் நான்தான்.

காலையில் சமையல் கூடாரத்தருகே ஓர் இடையர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோடையில் ஆட்டு மந்தையை லாஹௌல் பக்கம் ஓட்டிப் போகும் கத்தி இனத்தவர். பெயரை நம் எழுத்தில் எழுதினால் ஆயுதம் போலத் தெரியும், ஆள் சாது. முழங்கால் வரை வரும் கம்பளி அங்கி, அதற்கு சோலா என்று பெயர். இடுப்பில் டோரா என்ற கறுப்புக் கம்பளிக் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றியிருந்தார். பிறந்த குட்டியை அந்த அங்கியின் மார்புப் பக்கம் போட்டுக்கொண்டே கணவாய் ஏறுவார்களாம். மழை அதன் மேல் முத்து முத்தாக நின்றது. உள்ளே அவர் நடுங்கவில்லை. தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். குட்டியும் உள்ளே இருக்கிறதோ என்று தோன்றும் கனம். எனக்கு வேண்டியது இந்தக் குணம். இந்தக் கனம் வேண்டாம்.

ஊர் திரும்பியதும் திருப்பூர் மேஜையில் இதைச் சொன்னேன். மச்சான் முழுதும் கேட்டுவிட்டு, “நனைச்சுச் சுமக்கறதுன்னு சொல்லுவாங்களே, அதை அப்படியே பண்ணியிருக்கீங்க மாப்ள” என்றார். பிறகு தொழிலுக்கு வந்தார். “காட்டனுக்கு ரீகெய்ன் எட்டரை. பாலியஸ்டருக்குப் பாய்ண்ட் நாலு. நீங்க பாலியஸ்டர் பஞ்சுதானுங்க பாக்கோணும்.”

நூறு கிராம் உலர்ந்த பருத்தி, வெறும் காற்றிலிருந்தே எட்டரை கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. மழையில் அந்தப் பஞ்சும் நனையத்தான் செய்யும். ஆனால் தண்ணீர் இழைகளுக்கு நடுவில் நிற்குமே தவிர இழைக்குள் போகாது. பிழிந்து உதறினால் இழை மறுபடி நிமிர்ந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். 1980களில் அமெரிக்க ராணுவம் நனைந்தாலும் சூடு காக்கும் பஞ்சு ஒன்றைத் தேடியபோது ஆல்பனி இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் செய்து கொடுத்ததுதான் பிரைமாலாஃப்ட். இன்று பேர்பெற்ற பல ஜாக்கெட் கம்பெனிகள் பஞ்சை இப்படி வெளியில் வாங்கித்தான் தைக்கின்றன. அதனால் மார்பில் இருக்கிற முத்திரையைப் பார்ப்பதைவிட, உள்ளே தொங்குகிற லேபிளில் பஞ்சின் பெயரையும் ஜிஎஸ்எம்மையும் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கடைக்கு அவரையும் கூட்டிப் போனேன். விற்பனைப் பையன் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்: 40, 60, 100, 133. எண் ஏற ஏறச் சூடு கூடும், எடையும் கூடும். நாற்பது, நடந்துகொண்டே போட்டுக்கொள்ள. நூறும் அதற்கு மேலும், பனிக்காலத்தில் முகாமில் உட்கார்ந்திருக்க. ஜூலை, ஆகஸ்ட் ஹம்ப்டாவுக்கு அறுபது போதும் என்பது என் தீர்ப்பு. சுலபமாகக் குளிரெடுக்கும் உடம்பானால் மார்புக்கு நூறும் கைக்கு அறுபதுமாகத் தைத்தது கிடைக்கும், அதை எடுக்கலாம். அட்டையில் போட்டிருந்த ‘மைனஸ் 5 டிகிரி வரை’ என்பதை நாங்கள் பார்த்துவிட்டு மறந்துவிட்டோம். ஸ்லீப்பிங் பேக்குக்கு ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. மலைநடை ஜாக்கெட்டுகளுக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மைனஸ் ஐந்தை இன்னொரு கம்பெனியின் மைனஸ் ஐந்தோடு ஒப்பிட முடியாது.

எனக்குப் பிடித்துப்போய் எடுத்தது 340 கிராம். மச்சான் அதைக் கவிழ்த்துப் போட்டுக் கண்ணாலேயே அளந்தார். “ஒன்றரைச் சதுர மீட்டர் வருங்க. அறுபதுன்னா பஞ்சு தொண்ணூறு கிராம். மிச்சம் இருநூத்தம்பதும் துணி, லைனிங், ஜிப்புங்க.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாம் காசு கொடுப்பது தொண்ணூறு கிராம் பஞ்சுக்கு, சுமப்பது மற்றதையெல்லாம். இலகுவான ஜாக்கெட் என்று விற்கிறவர்கள் பஞ்சைக் குறைத்தும் எடையைக் குறைக்கலாம், உறையை மெலிதாக்கியும் குறைக்கலாம். வாங்குகிறவருக்கு வேண்டியது இரண்டாவது வகை. அங்கேதான் டெனியரைப் பார்க்க வேண்டும்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது. 10 டெனியர் துணி காற்றாக இருக்கும், முள்ளில் மாட்டினால் கிழியும். நான் 20இல் நின்றேன்.

அதன் பிறகு அவர் செய்தது விற்பனைப் பையனைக் கலவரப்படுத்தியது. துணியில் வாயை வைத்து ஊதினார். அந்தப் பக்கம் காற்று சுலபமாக வந்தால் மலைக்காற்றும் வரும். தையல் கோடுகளை எண்ணினார். ஊசித் துளை ஒவ்வொன்றும் குளிருக்கு ஒரு வாசல், பஞ்சு கீழே சரியாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு தைத்தால் போதும். நீளமான தொடர் இழையில் செய்த பஞ்சு விரிப்பாக இருக்கும், அதற்குக் கோடு குறைவாகப் போதும், உழைக்கும். துண்டு இழைப் பஞ்சு தூவி மாதிரி மிருது, நன்றாகச் சுருங்கும், அதிகக் கோடு கேட்கும். ஜிப்புக்குப் பின்னால் மடிப்புப் பட்டை இருக்கிறதா, கழுத்தில் ஜிப் முனை தாடையைக் குத்துகிறதா, கைமுனை எலாஸ்டிக் பிடிக்கிறதா என்றெல்லாம் பார்த்தார். என்னைக் கையைத் தூக்கச் சொன்னார். இடுப்பு தெரிந்தது. “அடுத்த சைஸு குடுப்பா, உள்ள ஃப்ளீஸ் போடோணும்.” உறையின் மேல் நீர் ஒட்டாத பூச்சு இருக்கிறது என்றான் பையன். இருக்கட்டும், தூறல் தாங்கும். அதை ரெயின்கோட் என்று நம்பக் கூடாது. தொப்பி வைத்ததுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அது ஒன்றுதான் அன்று என் சொந்த முடிவு, சரியான முடிவும்கூட.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் அதே வழி. இந்த முறை ஒரு விரதம் எடுத்துக்கொண்டேன்: நிற்கும்போது மாட்டு, நடக்கும்போது கழற்று. ஏறுகிற உடம்பே அடுப்பு. மெல்லிய முழுக்கை பாலியஸ்டர் சட்டையும் ரெயின்கோட்டும் போதும். ஜாக்கெட் பையின் உச்சியில், பிளாஸ்டிக் உறைக்குள், நின்றவுடன் கைக்கு எட்டும் இடத்தில். பாலு கா கேராவில் கூடாரக் கயிறு அறுந்து, மழையில் நின்று கட்டிக்கொண்டிருந்ததில் அது நனைந்தே போனது. பிழிந்தேன். உதறினேன். போட்டுக்கொண்டே ஸ்லீப்பிங் பேக்குக்குள் போனேன். முதல் பத்து நிமிஷம் ஈரச்சாக்கைக் கட்டியது போலிருந்தது. பிறகு தூங்கிவிட்டேன். காலையில் கைமுனையும் கழுத்தும் மட்டும் ஈரம்.

கணவாய் உச்சியில் மேகம் ஒரு நிமிஷம் விலகி இந்திராசன் சிகரத்தைக் காட்டியது, 6,221 மீட்டர். அந்தப் பக்கம் சியாகோருவுக்கு இறங்கினால் பச்சை என்பதே இல்லை. அங்கே சமையல் அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்து முழங்கைப் பக்கம் மிளகளவு ஓட்டை போட்டது. நைலான் தீயைக் கண்டால் உருகும். ஆனால் தூவி போல உள்ளிருப்பது ஊரெல்லாம் பறக்கவில்லை. ஒரு துண்டு டேப் ஒட்டினேன். சத்ருவுக்கு இறங்கி, வண்டி பிடித்து, 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் வழியாக மணாலி வந்தபோது மறுபடி மழை.

குறையும் உண்டு. தூவி போல இந்தப் பஞ்சு நெடுங்காலம் உப்பாது. அமுக்கி அமுக்கி எடுத்தால் இழை படுத்துவிடும். அதனால் வீட்டில் உறைக்குள் திணித்து வைக்காமல் பீரோவில் ஹேங்கரில் தொங்கவிட்டிருக்கிறோம். துவைப்பது மென்மையான சோப்பில், துணியை மிருதுவாக்கும் திரவம் இல்லாமல். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டுபோவதில்லை. ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் மனைவி போட்டுக்கொள்கிறாள்.

போன தீபாவளிக்கு மச்சான் வந்திருந்தார். பீரோ திறந்திருந்தது. போகிற போக்கில் ஜாக்கெட்டின் தோளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தார். மார்பையும் தேய்த்துப் பார்த்தார். மறுபடி தோள்.

“தோள்பட்டைல மட்டும் அமுங்கிக் கெடக்குதுங்களே. பைய மாட்டிட்டு இதோடயே நடந்தீங்களா மாப்ள?”

நடந்தேன். கடைசி நாள், சத்ரு இறக்கத்தில். காலையில் கழற்ற மனம் வரவில்லை.