ஊரூர் ஒல்காட் குப்பத்தில் நான்கு கடல் நாவல்கள்!

ஏப்ரல் பிறந்தால் டிஜிட்டல் டெஸ்க்கில் யாராவது ஒருவர் தலையில் 'சம்மர் லீவில் படிக்க வேண்டிய 10 புத்தகங்கள்' விழும். போன வருடம் என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்தில் நான் முழுசாகப் படித்திருந்தது மூன்றுதான். மீதி ஏழுக்கும் பின்னட்டை கைகொடுத்தது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' அந்த ஏழில் ஒன்று. 'கடல் வாசம் வீசும் நாவல்' என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். ஒரு வாசகர் மெயில் அனுப்பினார்: 'எந்தக் கடல் என்று சொல்லவில்லையே?'

அந்த மெயிலுக்கு நான் பதில் போடவில்லை. ஆனால், மறக்கவும் முடியவில்லை. அதனால் இந்த வருடம் பத்து வேண்டாம், நான்கு போதும் என்று முடிவெடுத்தேன். நான்கும் கடல் நாவல்கள். படிக்கும் இடமும் கடற்கரைதான்.

பெசன்ட் நகர் பஸ் டெர்மினஸில் இறங்கி கடலைப் பார்த்து நடந்தால் எலியட்ஸ் பீச். எல்லோரும் செல்ஃபி எடுக்கும் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி வடக்கே போனால், பஜ்ஜி வாசனை குறைந்து மீன் வாசனை கூடும். ஃபைபர் படகுகள், உலரும் வலைகள், வலைக் குவியலுக்குள் தூங்கும் நாய்கள். இதுதான் ஊரூர் ஒல்காட் குப்பம். ஊரூர் குப்பம், ஒல்காட் குப்பம் இரண்டும் சேர்ந்த பெயர். ஒல்காட் என்பவர், பக்கத்திலேயே பெரிய தோப்பாக விரிந்து கிடக்கும் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட். அவர் 1886-ல் தொடங்கிய அடையாறு நூலகத்தில் ஓலைச்சுவடிகளே ஆயிரக்கணக்கில் உண்டு. குப்பத்திலிருந்து நடக்கிற தூரம்தான். 2015-ல் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் இங்கே நடத்திய இசை, நடன விழாவால்தான் என்னைப்போல பலருக்கு இந்தப் பெயர் தெரிய வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போய், கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் நிழலில் உட்காருவேன். பத்து மணிக்கு மேல் தாங்காது. மே மாதத்தில் கடற்காற்று எழும்ப மதியம் ஆகிவிடும். அதுவரை மணல் அடுப்புதான்.

முதலில் எடுத்தது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977-ல் வந்தது. சின்ன நாவல், இரண்டு ஞாயிறுகளில் முடிந்துவிட்டது. வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிடு என்று நச்சரிக்கிற மகன், மனசே வராத அப்பா குரூஸ் மிக்கேல், நடுவில் பிலோமி என்ற பெண். எல்லோரும் ஒருவருக்கொருவர் தீங்கும் செய்கிறார்கள், பிரியமாகவும் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். ஊரே லாஞ்சுக்காரர்கள், வல்லத்துக்காரர்கள் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். அது பழைய கதை என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் பக்கத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த தாத்தா கேட்டார்: "இன்னா பாப்பா, பரீட்சையா?"

இல்லை தாத்தா, கதைப் புத்தகம் என்றேன். என்ன கதை என்று கேட்டார், சொன்னேன். "அது இன்னைக்கும் நடக்குதே" என்றார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டின் பெரிய விசைப்படகுகள் கரையில் நிற்கும். இந்தக் குப்பத்தின் சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடையில்லை. "இந்த ரெண்டு மாசந்தான் கடலு எங்களுக்கு" என்றார் தாத்தா. நாவலில் நூறு பக்கத்தில் புரிந்தது, அவர் ஒரு வரியில் இன்னொரு முறை புரிந்தது.

இரண்டாவது, தகழியின் 'செம்மீன்'. சுந்தர ராமசாமியின் தமிழில் படித்தேன். கறுத்தம்மா, பரீக்குட்டி, பழனி கதையை சினிமாவாகப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். கடலுக்குப் போன கணவனின் உயிர், கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் கதையின் அச்சு. அழகான நாவல். ஆனால், படிக்கப் படிக்க எனக்குக் கோபமும் வந்தது. ரோட்டோரம் கவலையும் சங்கராவும் கூறு கட்டி வைத்திருந்த ஓர் அக்காவிடம் இதைச் சொன்னேன். மீனின் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தாமலே சிரித்தார். "விடியறதுக்கு முன்ன ஏலத்துல நிக்கணும், அப்பால கூடைய தூக்கிட்டு தெருத்தெருவா போவணும். வூட்டுக்குள்ளயே குந்திகினு இருந்தா அடுப்பு எரியுமா? அவுரு கடல்ல கஷ்டப்படுறாரு, நான் ரோட்ல கஷ்டப்படுறேன்." 'செம்மீன்' விமர்சனம் அவ்வளவுதான். அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1952-ல் வந்த நாவல். தமிழிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் உண்டு. 84 நாள் ஒரு மீன்கூடக் கிடைக்காத கிழவன், 85-வது நாள் தனியாகப் போய் ராட்சத மீனைப் பிடிக்கிறான். கரை வருவதற்குள் சுறாக்கள் தின்றுவிடுகின்றன. முழுக் கதையையும் தாத்தாவுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அவ்ளோ தூரம் தனியா ஏன் போனான்?" என்றார். உலகமே தனிமனித வீரம் என்று கொண்டாடும் இடத்தில் அவருக்குத் தெரிந்தது, கூட ஆள் இல்லாததுதான்.

மிச்சம் இருந்தது 'ஆழி சூழ் உலகு'. 2004-ல் வந்தது. ஐநூறு பக்கத்துக்கு மேல். தென் மாவட்டக் கடற்கரையின் பரதவர் வாழ்க்கை, மூன்று தலைமுறை. கவிழ்ந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நடுக்கடலில் தத்தளிக்கும் மூன்று பேரோடு தொடங்குகிறது. பக்கத்துக்கு ஐந்து சொல்லாவது எனக்குப் புரியவில்லை. போன வருடம் பின்னட்டையோடு நிறுத்தியதில் ஆச்சர்யமே இல்லை. இந்த முறை புரியாத சொல்லையெல்லாம் பென்சிலால் கோடிட்டுத் தாத்தாவிடம் கொண்டுபோனேன். பாதி அவருக்கும் தெரியவில்லை. "இது அந்தப் பக்கத்து பேச்சு." வாடை, கொண்டல், கச்சான் தெரிந்தது. ஆனால், கச்சான் எந்தத் திசை என்பதில் புத்தகத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. காற்றின் பெயர் ஊருக்கு ஊர் மாறுமாம்.

பிறகு அவரே ஆரம்பித்தார். தெற்கேயிருந்து வடக்கே ஓடுகிற நீரோட்டம் தெண்டி. வடக்கேயிருந்து தெற்கே ஓடுவது வன்னி. கோடையில் தெண்டி கொண்டுவரும் மணல்தான் அடையாறு முகத்துவாரத்தை அடைக்கிறது. அது வலுத்தால் எந்தப் பக்கம் வலை போடக் கூடாது, தண்ணீரின் நிறத்தை எப்படிப் பார்க்க வேண்டும்... நான் நோட்டை எடுத்தேன். "வன்னிக்கு எந்த ன தாத்தா? ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

"எங்கப்பா வாயால சொன்னாரு, நான் காதால கேட்டேன். சுழியெல்லாம் நீதான் போட்டுக்கணும்."

நான் இரண்டு சுழி போட்டிருக்கிறேன். தப்பாக இருந்தால் என் தப்பு.

அவர் பேரன் உணவு டெலிவரி வேலை பார்க்கிறான். பைக்கில் மாட்டிய போன்தான் அவனுக்கு வழி சொல்கிறது. "அவன கடலுக்கு வான்னு கூப்பிட மாட்டேன், மீனு முன்ன மாரி இல்ல" என்றார் தாத்தா. சொன்ன பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. வடக்கே, 1967-ல் கட்டி 1977-ல் ஆறு அடித்துக்கொண்டு போன உடைந்த பாலம் தெரிந்தது. அந்த வழியாகச் சாலை கொண்டுவரும் பேச்சு அவ்வப்போது கிளம்பும், அடங்கும். வந்தால் படகும் வலையும் எங்கே வைப்பது என்று குப்பத்தில் கேட்பார்கள்.

நான் படித்த நான்கில் இரண்டு தென்தமிழகக் கடல், ஒன்று கேரளம், ஒன்று கியூபா. கையில் இருந்த எதிலும் தெண்டி இல்லை. அந்த வாசகருக்குப் போன வாரம் மெயில் எழுதினேன். ஒரு வருடத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, எந்தக் கடல் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பக்கத்துக் கடலின் பதினொரு சொற்களையும் சேர்த்து அனுப்பினேன்.

'ஆழி சூழ் உலகு' இன்னும் நூறு பக்கம் பாக்கி. கடந்த ஞாயிறு படித்துக்கொண்டிருந்தபோது அலையில் ஒரு தேங்காய் மட்டை மிதந்தது. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் இடது பக்கம் வடக்கு. மட்டை மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது.

"தெண்டியா தாத்தா?"

வலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "ம்" என்றார். "சாய்ந்தரமும் பாரு."