பலாலிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

சென்ற வாரம் எமது பேரன் தேசப்படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பப்பா, எங்களுக்குக் கொழும்பு கிட்டவோ, சென்னை கிட்டவோ?" என்று கேட்டான். அடிமட்டத்தை எடுத்து நீயே அளந்து பார் என்றோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 355. "பெரிய வித்தியாசம் இல்லையே!" என்று அவன் வியந்தான்.

அடிமட்டம் பொய் சொல்லாது. ஆயினும் அது சொல்லாமல் விடுவதும் உண்டு.

2011ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, சென்னையில் வாழ்ந்த எமது தமக்கையார் காலமானார் என்று தொலைபேசியிற் செய்தி வந்தது. அக்காலத்திற் பலாலியில் ஓடுபாதை இருந்தது. அங்கிருந்து இந்தியா செல்லும் விமானந்தான் இருக்கவில்லை. கடவுச்சீட்டில் முன்னரே விசா இருந்தமை ஒன்றே ஆறுதல். வடக்கே போக வேண்டிய நாம், இரவு பேருந்தில் ஏறித் தெற்கே போனோம். கட்டுநாயக்காவை அடையும்போது பொழுது விடிந்துவிட்டது. விமானத்தில் இடம் கிடைத்ததோ பிற்பகலில். அங்கிருந்து ஏறத்தாழ 650 கிலோமீற்றர் வடக்கே பறந்தோம். 355 கிலோமீற்றர் வழிக்கு 1,000 கிலோமீற்றரளவு சுற்றி, இருள் சூழும் வேளையில் வீட்டை அடைந்தபோது பந்தல் மட்டுமே நின்றது. அக்காவின் முகத்தை நாம் காணவில்லை.

இத்தனைக்கும் இந்த ஆகாய வழி புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த தளம் பலாலி. 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிற் புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகவே சென்னை சென்றது. பின்னாளில் அச்சேவை நின்றது. உள்நாட்டுப் போரும் வந்தது. மீண்டும் 2019 அக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சில மாதங்களிற் கொள்ளைநோய் அதனை மூடிற்று. 2022 டிசம்பர் 12இலேயே சென்னை விமானம் திரும்பி வந்தது.

இப்பிரயாணத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம் செல்லும். கொழும்பு விமானம் இதனிலும் இருமடங்களவு தூரத்தை ஏறத்தாழ அதே நேரத்திற் கடந்துவிடுகிறதே என மாணவர்கள் ஐயுறலாம். அது ஜெட் விமானம். பலாலிக்கு வருவது சுழல்விசிறி பூட்டிய சிறு விமானம், வேகம் குறைந்தது. அன்றியும் மேலெழவும் கீழிறங்கவும் ஆகும் நேரம், வழி குறுகியதென்பதற்காக அவ்வளவாகக் குறைவதில்லை.

2023இல் அக்காவின் மகளுடைய திருமணத்துக்கு இவ்வழியே போனோம். காலையில் எமது வீட்டுக் கிணற்றில் நீராடிப் புறப்பட்ட நாம், மாலையில் அவள் வீட்டில் தேநீர் அருந்தினோம். எல்லோரும் மகிழ்ந்திருக்க, எமது கண் மட்டும் சுவரிலிருந்த அக்காவின் படத்திலேயே நின்றது.

இவற்றைக் கேட்டிருந்த பேரன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு பென்சிலை எடுத்து, படத்தில் 355 என்று தான் எழுதிய இடத்தின் அருகே, "விமானம் இருந்தால்" என்று சிறிய எழுத்தில் எழுதி வைத்தான்.