நாடியைப் பாராதே: ஹைதராபாத் வகுத்த ஒரு விதி

திருமுல்கேரியின் சிறு மருத்துவமனை ஒன்றில் கட்டியை அகற்ற மயக்கமருந்து தர நேர்ந்தால், நோயாளியின் விரலில் முதலில் ஒரு கவ்வி மாட்டப்படுதல் வேண்டும். நாடித்துடிப்பையும் குருதியிலுள்ள ஆக்சிஜன் அளவையும் காட்டும் கருவி அது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் அதற்கு இடமுண்டு. இதே ஹைதராபாத்தில்தான் ஒரு காலத்தில், நாடியைப் பார்க்கவே கூடாது என்ற விதி பாதுகாப்பின் பெயரால் வகுக்கப்பட்டது.

அதை வலியுறுத்தியவர் ரெசிடென்சி மருத்துவர் எட்வர்டு லாரி. எடின்பரோ மரபில் பயின்றவர். குளோரோபார்ம் கொடுப்பவன் மூச்சை மட்டுமே கவனிக்க வேண்டும். நாடியில் கைவைத்தவன் மூச்சைத் தவறவிடுவான் என்பது அவர் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. அறுப்பவரே மயக்கமும் கொடுக்கும் சிறிய இடங்களில் கவனம் சிதறுவது எத்துணை ஆபத்து என்பது இன்றும் மருத்துவர்கள் அறிந்ததே.

1888இல் லாரி அமைத்த முதல் ஆணையத்தின் முடிவை 'லான்செட்' இதழ் ஐயுற்றது. நிஜாம் மீர் மஹபூப் அலி கான் 1,000 பவுன் அளித்து, அவ்விதழே தன் பிரதிநிதியை அனுப்பட்டும் என்றார். லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்தார். 1889இல் நாய், குரங்கு முதலிய 400க்கும் மேற்பட்ட விலங்குகள் சோதிக்கப்பட்டன. மூச்சே முதலில் நிற்கிறது, இதயம் பின்னரே நிற்கிறது என இரண்டாம் ஆணையமும் முடிவு கண்டது. மாற்றுக் கருத்துடன் வந்த பிரண்டனும் அதை ஏற்றார்.

சோதனைகளில் வஞ்சகமில்லை. கேட்கப்பட்ட கேள்விதான் குறுகியது. பெரும்பாலும் அளவுமீறிய மருந்தால் விலங்கு எவ்வாறு சாகிறது என்பதையே அவை கண்டன. மனிதரோ பலவேளை மயக்கம் ஆழமாகும் முன்பே, அஞ்சி நடுங்கும் தொடக்க நிமிடங்களில் இறந்தனர். 1848இல் இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி இறந்தது கால்நகம் நீக்கும் சிகிச்சையின்போதுதான்.

விடை 1911இல் வந்தது. குறைந்த அளவு குளோரோபார்முடன் அட்ரினலின் சேரும்போது இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து நடுங்கி நின்றுவிடுகின்றன என்று பூனைகளில் காட்டினார் லெவி. அட்ரினலினோ அச்சத்தில் உடலே சுரப்பது. பல் பிடுங்குவது போன்ற சிறு சிகிச்சைக்கு 'இலேசாகக் கொடுத்தால் போதும்' என்ற முன்னெச்சரிக்கையே ஆபத்தின் வாயிலாக இருந்திருக்கிறது.

நாடியைப் பிடித்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா? ஐயமே, அந்நடுக்கத்தை நிறுத்தும் கருவி அந்நாளில் இல்லை. ஆயினும் இறப்பு இதயத்தினின்று தொடங்கியது என்ற குறிப்பாவது எஞ்சியிருக்கும். லாரியின் விதிப்படியோ, இறந்த ஒவ்வொருவரின் கணக்கும் மயக்கமருந்து கொடுத்தவரின் கவனக்குறைவு என்றே எழுதப்பட வேண்டியிருந்தது.