பாடுகளின் இசை

பீற்றர் கேப்ரியல் 1989இல் வெளியிட்ட ‘பாஷன்’ என்ற இசைத்தட்டுக்கு இரசிகர்களாக நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். மன்றம் வைத்துப் படம் ஒட்டுகிற இரசிகர்கள் அல்ல. இரவு பதினொன்றரைக்குப் பிறகு, கடைசி மேசையும் எழும்பிப் போய், சட்டியும் தட்டும் குவிந்து கிடக்கிற வேளையில் எங்கள் குசினியில் வேறு ஒருவருடைய பாட்டும் ஒலிப்பதில்லை, அவ்வளவுதான். எங்களில் இருவருக்கு ஏறக்குறைய இந்த இசைத்தட்டின் வயது. ஒருவர் அது வெளிவந்த வருடத்தில் பாரிசுக்கு வந்து இறங்கியவர். அவரிடம் இருந்த கசெற்றில்தான் நாங்கள் இதை முதலில் கேட்டோம். அந்த நாடா இரண்டு முறை அறுந்து, நகப்பூச்சுத் தடவி ஒட்டப்பட்டது. பிறகு குறுந்தட்டு, இப்போது கைத்தொலைபேசி. ஆனாலும் நாடா அறுந்து ஒட்டிய இடம் வரும்போது எங்கள் காது இன்றைக்கும் ஒரு துள்ளலை எதிர்பார்க்கிறது.

கேப்ரியல் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்துக்காரர். ‘ஜெனெசிஸ்’ என்ற றொக் குழுவில் பாடி, 1975இல் அதிலிருந்து விலகித் தனியாகப் பாடத் தொடங்கியவர். தென்னாபிரிக்கப் பொலிசின் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிக்கோவைப் பற்றி 1980இல் ஒரு பாட்டுச் செய்தார். 1986இல் வந்த ‘சோ’ என்ற தட்டு அவரை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு அடுத்து என்ன பாடப்போகிறார் என்று இரசிகர்கள் காத்திருந்தபோது அவர் கொடுத்தது, மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘கிறிஸ்துவின் இறுதிச் சோதனை’ படத்துக்கு அமைத்த இசை. 21 துண்டுகள். அவர் குரல் அங்குமிங்கும் வருகிறது, ஆனால் பாட்டென்று சொல்லி முணுமுணுக்க ஒரு வரி கிடையாது.

எங்கள் மூத்தவர் சொல்வார், வாங்கிக்கொண்டு வந்து போட்டுக் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்ததாம். விசா இல்லாத காலம். சீட்டுக்காசு, அறை வாடகை, ஊருக்கு அனுப்புகிற காசு எல்லாம் போக மிஞ்சிய பிராங்குகளில் வாங்கியது. நல்ல ஆட்டப் பாட்டாக இருக்குமென்று நம்பியவருக்குக் கிடைத்தது ஒரு குழலின் அழுகை. ஏதோ ஆமேனியக் குழலாம். சில மாதங்கள் அந்தக் கசெற் பெட்டிக்கு அடியில் கிடந்தது.

அந்தக் குழலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் துதுக். அப்ரிகொட் மரத்தில் கடைவது. முதல் துண்டு இரண்டு துதுக்குகளோடு தொடங்குகிறது. ஒருவர் இராகம் வாசிக்க மற்றவர் ஒரே சுரத்தை மூச்சறாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஆமேனியர் வழக்கம். எங்கள் நாயனக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை நினைத்துக்கொண்டால் சரி. கோயில் வீதியில் வளர்ந்தவனுக்கு ஒத்து என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுரம் நின்றால்தான் அது ஒலித்துக்கொண்டிருந்ததே தெரியும். இந்தத் துண்டில் அதன் மேல் மெல்ல மெல்லத் தோல்வாத்தியங்கள் ஏறுகின்றன. அதன்பிறகு ஒரு வயலின் நுழைகிறது.

அந்த வயலின்தான் எங்கள் மூத்தவரைத் திரும்பவும் பெட்டியைக் கிளறச் செய்தது. உறையின் உள்பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், இரட்டை வயலின் சங்கர் என்று இருந்ததாம். சங்கர் என்றால் வெள்ளைக்காரர்களுக்கு ரவிசங்கர் ஒருவர்தான். இவரும் ரவிசங்கரின் சொந்தக்காரராக்கும் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். பின்னர் இசை தெரிந்த ஒருவர் சொல்லித்தான் தெரிய வந்தது, அது எல். சங்கர், வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் இருவருக்கும் தம்பி என்று. தகப்பன் யாழ்ப்பாணத்தில் இசைக் கல்லூரியில் கற்பித்தவர். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். 1950இல் சென்னையில் பிறந்த சங்கர், தன் முதற் கச்சேரியை ஏழு வயதில் நல்லூர்க் கந்தசாமி கோயிலில் செய்தார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. 1958இல் கலவரம் வந்தது. குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்குப் போனது.

1958 என்பது எங்களுக்குப் பெற்றோரும் பாட்டன்மாரும் சொல்லிக் கேட்ட ஒரு வருடம். கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கிய கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. அந்த வருடம் இடம்பெயர்ந்த ஒரு பிள்ளையின் வயலின், முப்பத்தொரு வருடங்களுக்குப் பின்னர், இங்கிலாந்தில் ஒரு றொக் பாடகரின் இசைத்தட்டில், கல்வாரிக்குப் போகிற கிறிஸ்துவுக்காக ஒலிக்கிறது. எங்கள் மூத்தவர் அன்றிரவு முழுவதும் அந்தக் கசெற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டதாகச் சொல்கிறார். அறையில் இருந்த மற்ற ஆறு பேரும் என்ன சொன்னார்கள் என்பதை அவர் சொல்வதில்லை.

ஆனால் சங்கரை ‘எங்கட ஆள்’ என்று உரிமை கொண்டாடுவதில் எங்களுக்குள்ளே ஒற்றுமை கிடையாது. எங்களில் ஒருவர், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவர், இதை ஒப்புக்கொள்வதே இல்லை. “எட்டு வயதில போன பிள்ளை. பிறந்தது சென்னை, வளர்த்துவிட்டது தகப்பன், பெயர் எடுத்தது அமெரிக்காவில. உங்களுக்கு இதில என்ன பங்கு?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஜோன் மக்லொக்லினோடு ‘சக்தி’ குழுவில் வாசித்து உலகப் பெயர் எடுத்தவர் அவர். 1980இல் இரண்டு கழுத்தும் பத்துத் தந்திகளும் உள்ள இந்த வயலினை அவருடைய யோசனைப்படி கெ(ன்) பாக்கர் என்ற கிற்றார் செய்பவர் செய்து கொடுத்தார். கொன்ற்ரபாஸ், செல்லோ, வியோலா, வயலின் நான்கின் குரலும் அந்த ஒரு வாத்தியத்துக்குள் அடக்கம். அதற்கும் நல்லூருக்கும் என்ன தொடர்பு? மூத்தவர் இதற்குப் பதில் சொல்வதில்லை. ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிடுவார்.

பங்கு கேட்பது நாங்கள் மட்டுமல்ல. எங்களோடு சட்டி கழுவும் செனகல் நண்பருக்கு இது யூசு என்டூர் பாடிய தட்டு. கேப்ரியல் என்பவர் யூசுவுக்குத் துணை நின்ற வெள்ளைக்காரர், அவ்வளவுதான். வெங்காயமும் அரிசியும் கொண்டுவருகிற பாகிஸ்தான்காரர் ஒரு நாள் வாசலில் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். நுஸ்ரத் பதே அலி கானின் குரல் போய்க்கொண்டிருந்தது. “இது எங்கள் கான் சாகிப் அல்லவா” என்றார். கிறிஸ்து சிலுவை சுமந்து போகிற காட்சிக்கு ஒரு முஸ்லிம் கவ்வாலிப் பாடகரின் குரல். பிரேசில்காரர் தாளம் போடுகிறார், அமெரிக்கர் எக்காளம் ஊதுகிறார், ஓர் ஆங்கிலச் சிறுவன் தேவாலயக் குரலில் மேலே ஏறுகிறான், அடியில் எங்கட வயலின். ஏழரை நிமிடம். அந்த ஏழரை நிமிடமும் எங்கள் குசினியில் ஒருவரும் சட்டியைப் போட்டு உடைப்பதில்லை.

இங்கேதான் எங்கள் பல்கலைக்கழகத்துக்காரர் தன் இரண்டாவது கேள்வியை எடுப்பார். உறையின் முன்பக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது? ஆமேனியா, எகிப்து, துருக்கி, செனகல், பாகிஸ்தான், இந்தியா என்று இத்தனை நாட்டு ஆட்கள் வேலை செய்ய, பெரிய எழுத்தில் முதலாளியின் பெயர். எங்கள் உணவகத்தின் பெயர்ப்பலகையும் அப்படித்தான் என்பது அவருடைய வாதம். உள்ளே சமைப்பவனின் பெயர் வெளியே தெரியாது.

வாதம் பலமானதுதான். என்றாலும் கேப்ரியலுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அதே 1989இல் ‘பாஷன் சோர்ஸஸ்’ என்று இன்னொரு தட்டையும் அவர் வெளியிட்டார். இந்த இசைக்கு ஊற்றாக இருந்த பாட்டுகளும் வாத்திய இசையும், அவற்றுக்குரிய கலைஞர்களின் பெயரிலேயே, அவர் கைவைக்காமல். அதில் சங்கரின் சங்கராபரணப் பஞ்சநடைப் பல்லவியும் இருக்கிறது. எடுத்த இடத்தைச் சொல்லி எடுத்தவர் அவர். நாங்கள் கேட்ட வரையில் அந்த ஊற்றுத் தட்டு, மூலத்தைக் காட்டிலும் சில இடங்களில் மேல். இதை இந்தத் தட்டின் தீவிர பக்தர்கள் ஏற்கமாட்டார்கள். ஏற்கவேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. இந்தத் தட்டுக்குக் கிராமி விருது கொடுத்தார்கள். எந்தப் பிரிவில் தெரியுமா? ‘நியூ ஏஜ்’. ஊதுபத்தி கொளுத்தி, கண்ணை மூடி, மனத்தை இளைப்பாற்றுகிற இசை என்ற பிரிவில்! முதல் துண்டின் தாளத்தைக் கேட்டபிறகு ஒருவர் எப்படி இளைப்பாறுவார் என்பது எங்களுக்கு விளங்கவே இல்லை. இதற்குப் பிறகு வந்த படங்களிலும் விளம்பரங்களிலும் பாலைவனம் வந்தால் ஒரு துதுக் அழும், தெரியாத மொழியில் ஒரு பெண்குரல் கேவும் என்பது வாய்ப்பாடாகிவிட்டது. 2000இல் வந்த ‘கிளாடியேற்றர்’ படத்திலும் துதுக் ஒலிக்கிறது. அங்கே ஊதியவர் ஜிவான் கஸ்பரியன் என்ற பெரிய வித்துவான், அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் ஒரு சனத்தின் ஒப்பாரியை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்கிற பழக்கம் வளர்ந்ததில் ‘பாஷ’னுக்கும் ஒரு பங்கு உண்டு.

நாலாமவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கர். நெடுங்காலம் இந்த இசையைக் கேட்கவே மறுத்தவர். காரணம் படம். கசன்ட்சாகிசின் நாவலைப் படமாக்கிய ஸ்கோர்செஸி, சிலுவையில் தொங்குகிற இயேசுவுக்கு ஒரு சாதாரண மனிதனின் வாழ்வை, மனைவி மக்களை, ஒரு சோதனையாகக் காட்டினார். 1988இல் உலகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. இங்கே பாரிசில், சென்-மிஷேல் சதுக்கத்துக்குப் பக்கத்திலுள்ள திரையரங்குக்கு ஒக்ரோபர் 22ஆம் திகதி இரவு கத்தோலிக்கத் தீவிரவாதிகள் தீ வைத்தார்கள். 13 பேர் காயப்பட்டார்கள். பிறகு அந்த அரங்கைத் திருத்தித் திறந்தார்கள். நாலாமவர் தீ வைத்ததைச் சரியென்று ஒருநாளும் சொன்னதில்லை. தியேட்டரும் நூலகமும் எரிவது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படத்தின் இசை தன் காதில் விழக்கூடாது என்பார். கசெற் ஓடத் தொடங்கினால் வெளியே போய்ச் சிகரெட் பற்றவைப்பார்.

அவருடைய ஊரில் தவசு காலத்தில் பசான் பாடுவார்கள். ஆண்டவருடைய பாடுகளை இழுத்து இழுத்து, ஒப்பாரி மாதிரி, இரவில் பாடுவது. அவருடைய தாய் நன்றாகப் பசான் பாடுவாராம். 2014இல் தாய் இறந்த செய்தி வந்தது. அகதிப் பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போகமுடியாது. சவ அடக்கத்தைத் தொலைபேசியில் பார்த்தார். பின்னேரம் வேலைக்கு வந்தார். போகச் சொல்லியும் போகவில்லை. அன்று இரவு நாங்கள் ஒன்றும் போடாமல் பேசாமல் கழுவிக்கொண்டிருந்தபோது, அவரே சொன்னார்: “அந்தக் குழலைப் போடுங்கோ.”

போட்டோம். முழுவதும் கேட்டார். ஒரு மணித்தியாலத்துக்கும் கூட. நுஸ்ரத்தின் இடம் வந்தபோது கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நின்றார். அழவில்லை. முடிந்த பிறகு, “இவன் பசான் கேட்டிருக்கிறான்” என்றார். எவன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேப்ரியலா, நுஸ்ரத்தா, சங்கரா, எங்களுக்கு இன்னும் தெரியாது.

படத்தை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டார்.

தட்டின் முடிவைப் பற்றியும் ஒரு சண்டை உண்டு. கடைசிக்கு முந்திய துண்டின் பெயர் ‘எல்லாம் நிறைவேறிற்று’. சிலுவையில் சொன்ன வார்த்தை. அந்த இடத்தில் துயர இசையை எதிர்பார்ப்பவனுக்குக் கேப்ரியல் கொடுப்பது மணியோசையும் கொட்டும் குலவையும். பில்லி கொபமின் முரசு அடிக்க, திருவிழா மாதிரி. படத்தில் இந்த இடத்தில் படச்சுருளுக்குள் வெளிச்சம் புகுந்து திரை முழுக்க நிறங்கள் சிதறும். மூத்தவருக்கு இது தேர் இருப்புக்கு வந்து சேர்ந்த சந்தோசம். நாலாமவர் இதை உயிர்ப்பு ஞாயிறு என்கிறார். பல்கலைக்கழகத்துக்காரருக்கு இது சினிமாக்காரரின் தந்திரம். செத்தவர் செத்ததுதான், மணி அடித்தால் என்ன என்கிறார்.

அதற்குப் பின்னும் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது, ‘அப்பமும் இரசமும்’. ஒரு தகரக் குழல், வயலின், அதிகம் வேறொன்றுமில்லை. அது வருகிற நேரம் எப்படியும் நிலம் கழுவி முடிந்து, கடைசி மெற்றோவுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கும். யாராவது ஒருவர் லைற்றை அணைப்பார். அந்தத் துண்டை முடிவு வரை கேட்டவர் எங்களில் மூத்தவர் மட்டும்தான், அவருக்கு வீடு நடக்கிற தூரம்.